சித்தூர்க் கோட்டை

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே கேசியாவுக்கு இப்போது குமட்டுகிறது. எல்லாம் அந்தக் கரஸ்பாண்டன்ட் சிவசங்கரன் ஆரம்பித்து வைத்த வேலை. சித்தூரில் அவர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கேசியா ஆறாம் வகுப்புக்குச் சரித்திர டீச்சர். பக்கத்துத் தெருப் பள்ளியில் டீச்சர்களின் சர்டிபிகேட்டுகளை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துத் தொலைத்துவிட்டார் மனிதர். மறுநாளே ஸ்டாஃப் ரூமில் வந்து நின்றார்.

"இந்த மாசத்துக்குள்ள ஆளுக்கொரு ஆன்லைன் கோர்ஸ் முடிச்சி சர்டிபிகேட் குடுத்துடணும். எல்லாம் ஃப்ரீயாவே கெடைக்குது. குடுக்காதவங்க ஜூன்ல வேற ஸ்கூல் பாத்துக்கலாம்."

கேசியாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. முழங்கால் போனதிலிருந்து அவள் அப்பா, நைனா இயேசுதாசன், வாட்ச்மேன் வேலைக்குப் போவதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு தேட உட்கார்ந்தாள். கொஞ்சம் ஆசையும் இருந்தது, இல்லையென்று சொல்வானேன். டிகிரியில் சரித்திரத்தை மனப்பாடம் செய்து எழுதித் தள்ளியவள்தான் அவளும். இப்போதாவது ஒழுங்காகப் படிக்கலாமே என்று நினைத்தாள்.

எங்கே படிக்க விட்டார்கள்! ஒன்றில் முதல் பாடம் மட்டும் ஃப்ரீ. இன்னொன்றில் பாடமெல்லாம் ஃப்ரீ, சர்டிபிகேட்டுக்குத்தான் காசு. திருப்பதி கோச்சிங் சென்டர் ஒன்று தெலுங்கில் 'உசிதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போன் நம்பரைக் கொடுத்தாள், அவ்வளவுதான். சோற்றில் கை வைத்தால் போன், சர்ச்சில் முழங்கால் போட்டால் போன். "எப்ப மேடம் ஜாயின் ஆவறீங்க?" என்று ஒரே நச்சரிப்பு.

நைனா விளம்பரத்தை எட்டிப் பார்த்தார். "உசிதம்னுதானே போட்டுக்கீறான்? நல்லதுதானேம்மா."

"தெலுங்குல உசிதம்னா ஓசி, நைனா. இவன் ஓசியும் இல்ல, உசிதமும் இல்ல. தூ!"

நல்லது ஒன்றும் கிடைக்கத்தான் செய்தது. அரசாங்கத் தளம் ஒன்றில் ஒரு பேராசிரியை, கல்வெட்டை எப்படிப் படிப்பது, ஒரு ராஜா தன்னைப் பற்றித் தானே பீற்றிக்கொண்டதை எவ்வளவு தூரம் நம்புவது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். காசு இல்லை, கூச்சல் இல்லை. கேசியா சோறு வடிக்கும்போதும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். ஆனால் அதற்குப் பரீட்சை நவம்பரில்தான். கரஸ்பாண்டன்ட்டிடம் போய்ச் சொன்னாள்.

"நீங்க இன்னா படிச்சீங்கன்னு எவன் கேக்கப் போறான் மேடம்? எனக்கு பேப்பர் வேணும்" என்றார் அவர்.

மாசக் கடைசியில் ஒன்று அகப்பட்டது. 'சித்தூர் வரலாறு'. ஒரே நாளில் முடியும், சர்டிபிகேட்டும் ஃப்ரீ. அட, நம்ம ஊர்! என்று சந்தோஷமாகத் திறந்தாள். மிஷின் குரல் ஒன்று தமிழில் ஆரம்பித்தது. சித்தூர் ஆந்திராவில் உள்ளது, மாம்பழத்துக்குப் பேர்போனது என்றது. சரிதான். அடுத்த படத்தில் மலைமேல் ஒரு பிரம்மாண்டமான கோட்டை. ராஜபுத்திர ராணிகள் தீயில் இறங்கியது இந்தச் சித்தூரில்தான் என்றது.

கேசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ராஜஸ்தானில் இருக்கும் சித்தோர்! இங்கிலீஷில் ஒரு 'ஓ' கூடுதல் குறைச்சல் என்பதைக்கூடப் பார்க்காமல், எந்த மூதேவியோ இரண்டு ஊரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தது. வெந்து செத்தவர்களின் சாவைக்கூட ஊர் மாற்றி வைத்திருக்கிறார்களே, கர்மம்!

பாடம் முடிந்து பரீட்சை வந்தது. 'ராணிகள் தீயில் இறங்கிய கோட்டை எந்த மாநிலத்தில் உள்ளது?' கேசியா ராஜஸ்தானைத் தொட்டாள். தவறு என்றது. அப்புறம் வந்ததெல்லாம் அந்தக் கோட்டை எங்கே இருக்கிறது என்பதைச் சுற்றிய கேள்விதான், எல்லாமே தவறு. ஃபெயில். வேண்டுமானால் மறுபடி எழுதலாமாம்.

நாளைக்குக் கடைசி நாள். நைனாவின் மாத்திரை டப்பாவை ஒரு தரம் பார்த்தாள். சீ, என்ன பிழைப்பு இது என்று வந்தது. ஆந்திராவைத் தொட்டாள். சரியான விடை என்று ஸ்கிரீன் முழுக்கக் காகிதப் பூ பறந்தது. அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

சர்டிபிகேட்டைப் பார்த்த கரஸ்பாண்டன்ட்டுக்கு வாயெல்லாம் பல். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். அதோடு விட்டாரா? அந்த வீடியோவை ஆறாம் வகுப்புக்குப் போட்டு வேறு காட்டினார். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம சித்தூர் கோட்டைக்கு பசங்கள டூர் கூட்டிக்கினு போறோம். கேசியா மேடம்தான் காட்டுவாங்க. அதுல சர்டிபிகேட் வாங்கினவங்க!"

கைதட்டல் வேறு. கோட்டை எங்கே என்று அந்த மனிதருக்கே தெரியாது. திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரியில் ஒரு பழைய கோட்டை உண்டு, அதுவாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

முன்வரிசையில் கீர்த்தி எழுந்தாள். வகுப்பிலேயே துருவித் துருவிக் கேட்கிற பெண். "டீச்சர், எங்க நைனா ஊரு பூரா ஆட்டோ ஓட்டறாரு. அந்தக் கோட்டைய பாத்ததே இல்லியாம். எங்க டீச்சர் கீது?"

சிவசங்கரன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கேசியாவிடம் நீட்டினார். சந்திரகிரி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"ராஜஸ்தான்ல கீதும்மா" என்றாள் கேசியா. "நம்ம ஊர்ல அப்டி ஒரு கோட்டையே கெடையாது."

கரஸ்பாண்டன்ட் மைக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். கீர்த்தி சுவரில் தொங்கிய ஃபிரேமை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப அந்த சர்டிபிகேட், டீச்சர்?"

"பொய் சொன்னதுக்குக் குடுத்தாங்கம்மா."