ஆளில்லாத சீட்டுக்குப் பெல்ட்

வண்டி வாங்கிய புதிதில் அந்த 'டிங் டிங்' சத்தம் சனாவுல்லாவைப் படாதபாடு படுத்தியது. பனியன் கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் துணி எடுத்து விற்கிற மனுசன். டிக்கி நிறைந்துவிட்டால் மூட்டை முன் சீட்டில்தான் ஏறும். ஏறிய உடனே கார் கத்த ஆரம்பித்துவிடும். மூட்டை பெல்ட் போடவில்லையாம். அதற்கு அப்படியொரு அக்கறை.

"வெயிட்டு ஏறுனா ஆளுன்னு நெனச்சுக்குதுங்க பாய்," என்றான் எலக்ட்ரீசியன் தனபால். "பெல்ட்டை மாட்டி உட்டுட்டு அது மேல மூட்டைய வைங்க. கத்தாது. இப்போதைக்கு ஓட்டுங்க, அப்பறமா பாத்துக்கலாம்."

நம் ஊரில் இப்போதைக்கு என்று செய்தது எது மாறியிருக்கிறது? மாட்டிய பெல்ட் மாட்டியபடியே கிடந்தது. மனைவி ஜஹானாரா மௌத்தாகி இரண்டு வருசம். அதற்குப் பிறகு அந்த சீட்டில் ஆள் என்று யாரும் உட்காரவுமில்லை.

மகன் ஜாஹித்துக்குப் பெங்களூரில் வேலை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்து போனவன், இப்போது பெரியம்மா மகளின் நிக்காஹுக்கு வருகிறான். காங்கேயத்துக் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் குவிந்து கிடக்கிறார்கள். அங்கே தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. திருப்பூர் ஸ்டேஷனிலிருந்து வீடு வருகிற நேரம்தான் சனாவுல்லாவுக்கு வாய்த்த நேரம். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ, தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்க அவருக்கு வெட்கம். பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்க, ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் தானாக வாயில் வந்துவிடும் என்று நம்பினார்.

காலையிலேயே மூட்டைகளை இறக்கினார். சீட்டில் ஒட்டியிருந்த பஞ்சை ஈரத்துணியால் துடைத்தார். பெல்ட்டையும் துடைத்தார். அது மாட்டிக் கிடப்பது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

ஸ்டேஷன் வாசலில் ஜாஹித் முன்கதவைத் திறந்தான். காலி சீட்டின் குறுக்கே பெல்ட் இழுத்து மாட்டியிருந்தது.

"இங்க லோடு வெப்பீங்களாட்ட இருக்குதுங்க அத்தா. நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்."

"இல்லடா, அது சத்தம் போடுதுன்னு..."

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அதற்குள் ஜாஹித் பின்சீட்டில் ஏறிக் கதவையும் சாத்திவிட்டான். வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று.

கண்ணாடியில் மகனின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"சாப்புட்டியாடா?"

"ஆச்சுங்கத்தா."

"வேலையெல்லாம்?"

"போகுதுங்கத்தா."

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ என்பது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்கிற விஷயமா? பேக்கரியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்து, அப்படியே முன்னால் உட்கார வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஓரங்கட்டியதும் முதல் வேலையாகப் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். திரும்பிப் பார்த்தால், காதில் இயர்போனோடு ஜாஹித் தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. டீ குடிக்காமலேயே கிளம்பினார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் ஜாஹித் பாதிக் கண்ணைத் திறந்து செல்போனைத் துழாவி எடுத்தான்.

"எவ்வளவு ஆச்சுங்கண்ணா? ஜிபே பண்ணிடறேன்."

சனாவுல்லா மெல்லத் திரும்பினார்.

"அத்தாடா," என்றார்.

ஒரு கணம் திருதிருவென்று விழித்த ஜாஹித் சிரித்துவிட்டான். "சாரிங்கத்தா. தெனமும் கால் டாக்ஸில போயிப் போயி அப்படியே வந்துருச்சு."

இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? "ஒரு வாரம் இருந்துட்டுப் போறியாடா? தனியா இருக்க முடியல," என்று கேட்டுவிட்டார்.

"நாளைக்கு நிக்காஹ் முடிஞ்சு ராத்திரிக்கே டிக்கெட் போட்டுட்டனேத்தா."

பெரியம்மா வந்து கார்க் கதவைத் திறந்து, எத்தனை நாளாச்சு உன்னைப் பார்த்து என்று அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

வண்டியை ஓரமாக நிறுத்துகிற சாக்கில் சனாவுல்லா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. மகன் எந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியும்.