ஒரு விசில், இரண்டு விசில்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. 1997இல் காரைக்குடியில் முடிவெட்டப் போன இடத்தில் திருடியது. பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் திட்டுத் திட்டாக ஏதோ காய்ந்திருந்தது.

"என்னண்ணே, தலைக்குக் கஞ்சி போட்டிருக்கீகளா?" என்றார் கடைக்காரர்.

"மெசினுக்குத் தடவுற பசைய்யா. நான் நினைச்சா கம்ப்யூட்டர்ல பந்து நகரணுமாம். நகர மாட்டேங்குது."

அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். மிச்சமெல்லாம் என் புளுகு.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மனித மூளை என்பது ஒரு மகத்தான...' சீ! அடித்துவிட்டேன்.

அவருக்குப் பூமிநாதன் என்று பேர் வைத்தேன். பதினோரு வருடம் பஸ் கண்டக்டர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ரீனா என்ற ஆராய்ச்சி மாணவி அவர் தலையில் கம்பிகளை ஒட்டுவாள். வலது கையை அசைப்பதாக அவர் நினைத்தால் போதும். மூளையின் சமிக்ஞையைப் பிடித்து, கணினி திரையிலுள்ள பந்தை வலப்பக்கம் தள்ளும். ஆறு வாரமாகப் பந்து அசையவில்லை.

"இன்னைக்கும் நகரலைன்னா லிஸ்ட்லருந்து உங்க பேரை எடுத்துருவாகண்ணே."

"எடுத்துராதே தாயி. வாரத்துல ஒருநா, ஒரு மனுசப்பிறவி என் தலையைத் தொடுறது இங்குட்டுத்தான்."

(இந்த வரி அதிகம் என்று இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன். வீட்டில் அவர் ஒண்டி ஆள்.)

3
கோளாறு எங்கே? ரீனா ஒவ்வொரு முறையும் "ரைட்!" என்பாள். அவளுக்கு அது வலது கை. கண்டக்டருக்கு அது பஸ் கிளம்பலாம் என்று அர்த்தம். ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு என்றால் கிளம்பணும். ரைட் என்று காதில் விழுந்ததுமே மனசுக்குள் இரண்டு விசில் ஊதிவிடுவார். உதடு அசையும், கை எங்கே அசையும்?

"அட ஆண்டவரே!" ரீனா சிரித்துவிட்டாள். "விசிலை விடுங்கண்ணே. அந்தக் கையால எதைச் செய்ய ரொம்ப ஆசைப்பட்டீகளோ, அதை நினைங்க."

4
இனி மாரீஸ்வரி வந்தே ஆக வேண்டும். அவர் மனைவி. கை விழுந்த பிறகு அவரும் எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். "போறேன்" என்றாள், "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். கையைக் காட்டியிருந்தால் இறங்கியிருப்பாள். அவர் சும்மா நின்றார்.

[இடது கை நன்றாகத்தானே இருந்தது என்பீர்கள். நானும் கேட்டேன். "பொண்டாட்டியை இடது கையாலயா கூப்பிடுறது?" என்றார். இப்படியொரு ஆளைப் படைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.]

5
பூமிநாதன் மனதில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். வலது கை எழும்புகிறது. (நிஜக் கை மடியில் போட்டது போட்டபடி கிடக்கிறது.) பஸ் நிற்கிறது. மாரீஸ்வரி எழுந்து படிக்கட்டுக்கு வருகிறாள். திரையில் பந்து வலப்பக்கம் ஓடுகிறது.

"ரைட்! ரைட்டுண்ணே!" ரீனா சந்தோஷத்தில் கத்தினாள்.

பஸ் கிளம்பிவிட்டது.

"ஐயோ, அவ இன்னும் எறங்கலையே தாயி!"

6
முடிவு ஒன்று: இடது கையாலேயே மாரீஸ்வரிக்குக் கடிதம் எழுதுகிறார். (எழுத மாட்டார். அந்த ஆளை எனக்குத் தெரியாதா?)

முடிவு இரண்டு: பட்டியலில் பேர் நிலைக்கிறது. வெள்ளிதோறும் பஸ்ஸை நிறுத்துகிறார், பந்து ஓடுகிறது, ரீனா "ரைட்!" என்று கைதட்டுகிறாள், மாரீஸ்வரி இறங்குவதற்குள்... இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். மாரீஸ்வரி ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டாள். ஒரு விசில் நான் ஊதியாயிற்று. நீங்கள் இன்னொன்று ஊதாமல் இருந்தால் போதும்.