ராஜாவை மூன்று தடவை புதைத்த தோட்டம்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. திருடிய இடம் சுங்கைப் பட்டாணியில் பஷீர் அண்ணன் சாப்பாட்டுக் கடை, மூன்றாவது மேசை, தொலைக்காட்சிக்கு நேர் கீழே. அன்றைக்கு அதில் ஒரு மகாராணியின் இறுதி ஊர்வலம் ஓடிக்கொண்டிருந்தது. [எந்த தேசத்து மகாராணி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.] இரண்டு மணி நேரமாக அங்கே பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. இங்கே ஆளுக்கொரு கிளாஸ் தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு நாங்கள் நகராமல் இருந்தோம்.

“இவ்ளோ மெதுவா போனா எப்பலா பொதைப்பாங்க?” என்றார் பஷீர் அண்ணன், மேசையைத் துடைத்தபடி. “நாங்கன்னா அஸர் தொழுகைக்குள்ள முடிச்சிட்டு கடையத் தொறந்திருப்போம்.”

பக்கத்து மேசையில் முருகையா இருந்தார். லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பொய் சொல்வதில் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

“இது என்னாண்ணே பெருசு. எங்க தோட்டத்துல ஒரு ராசாவ ஒரே நாள்ல மூணு தடவ பொதைச்சாங்க. எங்கப்பாதான் தப்பு அடிச்சாரு.”

“எந்த ராசா?” என்று கேட்டேன்.

“செத்த ராசாதான்லா.”

அதற்குள் வெளியே மருமகன் கெரேத்தாவில் வந்து ஹாரன் அடித்தான், எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். “நான் எப்ப சொன்னேன்?” என்றார். ஆகவே, அந்த இரண்டு வாக்கியம் முருகையாவின் பொய். மீதி முழுவதும் என் பொய்.

2

தொடக்கம் எழுத உட்கார்ந்தேன்.

“1952ஆம் ஆண்டு. அவசரகாலத்தின் கரிய நிழல் மலாயாவின் மீது படர்ந்திருந்த வேளையில்—”

[நிறுத்திவிட்டேன். நிழல் படர்ந்தால் அது கட்டுரைப் போட்டி. முதல் பரிசு ஒரு கைக்கடிகாரம்.]

“பனி மூடிய பால்மரங்களுக்கு இடையே ராக்காயி தன் வாளியைத் தூக்கிக்கொண்டு—”

[இப்படித் தொடங்கிய தோட்டத்துக் கதைகளை வரிசையாக அடுக்கினால் செமிலிங்கிலிருந்து மெர்போக் வரை பாலம் போடலாம்.]

“பக்கிரிசாமி செத்துப்போனார்.”

இது நிற்கும். ஆள் படுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கிறது.

ஒரு சங்கடம். இந்தக் கதைக்குத் தொலைக்காட்சி வேண்டும். ஆனால் 1952இல் மலாயாவில் தொலைக்காட்சி கிடையாது. இருந்தது செய்தி இலாகாவின் படவண்டி. பச்சை நிறத்தில் ஒரு வேன், உள்ளே ஒரு புரொஜெக்டர், ஒரு ஒலிபெருக்கி, ஒரு அறிவிப்பாளர். பிப்ரவரியில் இங்கிலாந்தில் புதைக்கப்பட்ட ராஜா அந்த வண்டியில் ஏறி, ஊர் ஊராகச் செத்துக்கொண்டே வந்து, ஏப்ரலில்தான் எங்கள் கெடா மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார். பக்கிரிசாமி அன்று விடியற்காலையில் காய்ச்சலில் செத்தவர். இரண்டு பிணங்களில் எது புதுசு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

3

செமிலிங் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது, அதற்குக் கதை படிக்கத் தெரியாது. அப்போது ரப்பர். ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். மாலை ஆறு மணிக்குக் கேட் பூட்டப்படும். அதற்குப் பிறகு வெளியே நடமாடுகிறவன் காட்டுக்காரன், அதாவது காட்டுக்குள் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்ட், என்று கணக்கு. சுட்டுவிட்டுத்தான் பெயர் கேட்பார்கள்.

பக்கிரிசாமி பகலில் பால் எடுக்க மரம் வெட்டுவார். சாவு விழுந்தால் தப்பு அடிப்பார். அந்தத் தோட்டத்தில் இருபது வருஷமாக அவருடைய தப்பு இல்லாமல் ஒரு பாடையும் லயத்தை விட்டு நகர்ந்தது இல்லை. அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு: தப்பு நின்றால் பாடை நிற்கும், மறுபடி தப்பு எழுந்தால்தான் கால் எழும். அந்தச் சட்டத்தைக் கங்காணியும் மீறியதில்லை, பிணமும் மீறியதில்லை.

இடுகாடு வேலிக்கு வெளியே, அரை மைல். பக்கிரிசாமியின் கூட்டாளி அம்மாசி அனுமதி கேட்டுக் கிராணி தர்மலிங்கத்திடம் போனார். [கிராணி என்றால் தோட்ட ஆபீசின் குமாஸ்தா. துரைக்குக் கீழே, கடவுளுக்குக் கொஞ்சம் மேலே.]

“அஞ்சு பேரு போலாம்,” என்றார் கிராணி, தாளைப் பார்த்தபடி. “நாலு மணிக்கு மேல. ஆறுக்குள்ள திரும்பிடணும். மேளம் கீளம் கூடாது.”

“தப்பு மட்டும்ங்க அய்யா.”

“தப்புதான் முக்கியமா கூடாது. காட்டுக்காரனுக்கு அது சிக்னலுன்னு ஆர்டர் வந்திருக்கு.”

“செத்தவன் தப்புக்காரன்ங்க. ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசன் ஊமையா போறதா?”

“ராஜாவே செத்துட்டாரு, உனக்குப் பக்கிரிசாமி பெரிசாப் போச்சா? நாலு மணிக்கு ஸ்டோர்ல படம். துரை வர்றாரு. அந்த அஞ்சு பேரத் தவிர அத்தன பேரும் வரணும். மூஞ்சில துக்கம் இருக்கணும். பல்லு தெரிஞ்சா பேர் எழுதிக்குவேன்.”

வேலிக்குள் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தோட்டம் முழுக்க ஒட்டியிருந்த தாளைக் கிராணிதான் ஒட்டினார். முந்நூறு பேரைக் கூட்டச் சொல்லும் தாளையும் அவர்தான் ஒட்டினார். பசை ஒரே பசை.

சேதி கேட்ட பக்கிரிசாமி பெண்டாட்டி ராக்காயி, புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“தப்புச் சத்தம் கேக்காம அவரத் தூக்க விடமாட்டேன். ஆறு மணியானாலும் சரி, அழுகிப்போனாலும் சரி.”

4

ஆறு மணி ஊரடங்கு என்பதால் படம் பகலில் ஓட வேண்டும். பகலில் ஓட இருட்டு வேண்டும். ஆகவே ரப்பர் ஸ்டோர். ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி, மேலே தொங்கிய ரப்பர் ஷீட்டுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் கிராணி வீட்டுப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். லண்டன் மாநகரம் முழுவதும் ஒட்டுப்பால் நாறியது.

துரை தேநீர் முடித்து வரும்போது மணி ஐந்துக்குப் பத்து.

அறிவிப்பாளர் சுப்பிரமணியம் அலோர் ஸ்டாரிலிருந்து வந்தவர், கோட்டு போட்டவர். “பாரெலாம் போற்றிய பார்வேந்தர் பரமபதம் எய்திய பெருந்துயர்க் காட்சியினை—” என்று அவர் ஆரம்பித்தபோதே ஒலிபெருக்கியில் ஏதோ வெடித்து, புகை வந்து, அடங்கியது. படம் ஓடியது. சத்தம் போய்விட்டது.

திரையில் ராஜாவின் பெட்டி ஊமையாக நகர்ந்தது. முந்நூறு பேரும் மூஞ்சியில் துக்கத்தை வைத்துக்கொண்டு வாயை மட்டும் திறந்தார்கள்.

“பெட்டி மேல கிரீடத்த வச்சிருக்கானே, வளைவுல சறுக்காது?”

“வண்டிய ஆளுங்க இழுக்கிறானுங்க, பாரு. மாட்டுக்கு லீவு குடுத்துட்டானுங்க போல.”

“அங்கயும் நம்ம ஆளுங்கதான்டி கூலிக்கு இழுக்கிறது.”

“அந்தம்மா மொகத்துல எதுக்குடி கொசுவல?”

“எல்லாஞ் சரி. தப்பு எங்க?”

கடைசியாகக் கேட்டவர் அம்மாசி. திரையில் சிப்பாய்கள் இடுப்பில் மேளம் கட்டி அடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் மட்டும் இல்லை. அம்மாசி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சுப்பிரமணியத்திடம் போனார்.

“சார், பெரிய எடத்துச் சாவு. இப்படி ஊமையா போனா நல்லாவா இருக்கு? அங்க அடிக்கிறாங்க, இங்க கேக்கல. நம்மகிட்ட தப்பு இருக்கு.”

சுப்பிரமணியத்துக்குக் கோட்டுக்குள் வியர்த்திருந்தது. சத்தமில்லாத ராஜாவைத் துரைக்குக் காட்டியதற்கு மேலிடத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று அவர் மனசுக்குள் வரைவு தயாரித்துக்கொண்டிருந்தார். துரையின் காதில் குனிந்து ஆங்கிலத்தில் எதையோ சொன்னார். துரை நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார். கிராணி வாயைத் திறந்து, துரையின் தலை அசைந்த திசையைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

அம்மாசி தப்பைச் சூடு காட்டி எடுத்துவந்து அடித்தார். நூறு கஜம் தள்ளி, லயத்தில், ராக்காயி தலையை நிமிர்த்தினாள்.

“இப்பத் தூக்குங்க.”

5

இந்த இடத்தில் நான் ராக்காயியைக் கதறி அழ வைத்திருந்தேன். முக்கால் பக்கம். மார்பில் அடித்துக்கொள்வது, மண்ணை வாரித் தூற்றுவது எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தால் அழுதது நான்தான். அவள் அப்போது அழுதிருக்க மாட்டாள், அவளுக்கு வேலை இருந்தது. பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பாடை நகர்ந்ததும் அவள் நேராக ஸ்டோருக்கு நடந்தாள், தப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ள.

அவள் உள்ளே நுழையும்போது ராஜா புதைந்து முடிந்திருந்தார். மொத்தப் படமும் பத்து நிமிஷம்.* அம்மாசி கையை நிறுத்தினார். வெளியே பாடையும் நின்றிருக்கும், கேட்டுக்குக் கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

ராக்காயி துரைக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டாள்.

“நான் லேட்டா வந்துட்டேங்க. ராசா சாவப் பாக்கல. இன்னொருக்கா காட்டச் சொல்லுங்க.”

சுப்பிரமணியம் மொழிபெயர்த்தார். “இவளுடைய கணவன் இன்றைக்குத்தான் இறந்தான்” என்பதையும் யாரோ சொல்ல, அதையும் மொழிபெயர்த்தார். சொந்தப் புருஷன் பிணத்தை விட்டுவிட்டு ராஜாவுக்குத் துக்கம் கேட்க வந்த விதவை! துரை கைக்குட்டையை எடுத்தார். அவர் அன்றிரவு எழுதப்போகும் அறிக்கையின் முதல் வாக்கியம் அந்தக் கைக்குட்டையிலேயே தயாராகிவிட்டது.

படச்சுருளைத் திருப்பிச் சுற்றப் பத்து நிமிஷம். அதுவரை வெளியே நாலு பேர் தோளில் பக்கிரிசாமியோடு சிலை மாதிரி நின்றார்கள்.

* லண்டனில் அது அரை நாள் நடந்த ஊர்வலமாம். செய்திப்படக்காரர்கள் வெட்டிவிட்டார்கள். ராஜாவானாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பஷீர் அண்ணன் கடைத் தொலைக்காட்சிக்குத் தெரியவில்லை.

6

இரண்டாம் தடவை ராஜா புறப்பட்டார். தப்பு எழுந்தது. பாடை கேட்டுக்கு வந்தது.

கேட்டில் நின்ற மலாய் சார்ஜன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார். ஸ்டோர்ப் பக்கம் காதைக் காட்டி, அது என்ன சத்தம் என்று மலாயில் கேட்டார். முன்னால் தூக்கியவர் ராமையா. அவருக்குத் தெரிந்த மலாய் சந்தைக்குப் போய்வரும் அளவு.

“ராஜா மாத்தி, துவான்.”

ராஜா செத்தது சார்ஜனுக்கும் தெரியும், சுற்றறிக்கை வந்திருந்தது. மேளம் அடிக்கிறது. பிணம் வருகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். குதிகாலைச் சேர்த்து அடித்து, துப்பாக்கியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, பக்கிரிசாமிக்கு ஒரு ராஜ மரியாதை செய்து அனுப்பினார்.

[இது முழுக்க என் கற்பனை. இதை அடிக்கச் சொன்னால் கதையையே கிழித்துவிடுவேன்.]

இரண்டாம் தடவையும் ராஜா குழிக்குள் இறங்கினார். “பின்னால இருக்கிறவங்களுக்குத் தெரியலையாம்,” என்றாள் ராக்காயி. பின்னாலிருந்து முப்பது குரல்: “தெரியலைங்கோ!” மூன்றாம் தடவை. கிராணிக்கு இப்போது விஷயம் மணக்க ஆரம்பித்தது. நெளிந்தார். ஆனால் துரை அழுதுகொண்டிருக்கிறார்; அழும் துரையிடம் போய், “அய்யா, நீங்கள் அழுவது பக்கிரிசாமிக்கு” என்று எந்தக் கிராணி சொல்வான்?

மூன்றாம் தடவை படம் முடிந்தபோது மணி ஐந்து நாற்பது. பாடை கடைசி வளைவில் நிற்கிறது. இடுகாட்டுக்கு இன்னும் இருநூறு கஜம். ஐந்தாவது ஆள் முன்னாலேயே போய்க் குழி வெட்டி வைத்திருக்கிறான். இறக்கி, மூடி, ஆறுக்குள் ஓடி வர வேண்டும்.

ராக்காயி நாலாம் தடவைக்கு வாயெடுத்தாள். அதற்குள் துரை எழுந்து நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். சுப்பிரமணியம் அறிவித்தார்:

“மறைந்த மன்னருக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அதன் பின் அனைவரும் கலைந்து செல்லலாம்.”

7

முடிவு. இதைத்தான் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(அ) துரைக்கு உண்மை தெரிகிறது. மனம் மாறுகிறார். தானே தப்பை வாங்கி— [துரை மனம் மாறும் கதைகள் என்னிடம் வேண்டாம். தோட்டம் முழுக்க அழுதும் ஐந்து சென் சம்பளம் ஏறியதில்லை.]

(ஆ) தப்புச் சத்தத்தைச் சிக்னல் என்று நம்பிக் காட்டுக்காரர்கள் நிஜமாகவே வந்து, பாடையைப் பார்த்து, தோள் கொடுத்து— [நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.]

(இ) நாலு பேரும் காத்திருந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் நடந்து, புதைத்து, ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கேட்டுக்குள் நுழைந்தார்கள். ராக்காயி அதன் பிறகு அம்மாசியிடம் பேசவே இல்லை. [இதுதான் நடந்திருக்கும் என்று புத்தி சொல்கிறது. எழுதக் கை வரவில்லை. எழுதி அடித்தது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.]

ஆகவே கதையை இரண்டு நிமிஷத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். துரை தலை குனிந்திருக்கிறார். முந்நூறு பேரும் குனிந்திருக்கிறார்கள். கிராணி மட்டும் குனியாமல் அம்மாசியின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கை அசைந்தால் பெயர் எழுத பென்சில் தயார். ராக்காயி கதவோரம், சாக்கு இடுக்கு வழியாக வெளியே பார்த்தபடி நிற்கிறாள். வளைவில் ராமையாவுக்குத் தோள் நடுங்குகிறது. நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அம்மாசியால் முடியாது. ராக்காயியாலும் முடியாது. என் கையில் இருப்பது பேனா, அதில் சத்தம் வராது.

உங்களுக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கும். இல்லையென்றால் இந்தப் புத்தகத்தின் அட்டை, அதுவும் இல்லையென்றால் தொடை. உங்கள் பெயர் கிராணியின் பேரேட்டில் இல்லை. தாளம் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவர்கள் நடக்க ஒரு சத்தம் போதும். இருநூறு கஜம்தான். ஆறு மணியாகப் போகிறது.

தட்டுங்கள்.