மெத்தைகளுக்கு ஓர் அறை

"என் தலையணை எங்கம்மா?" என்று அக்கா கேட்டபோது வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கவே வேண்டாம். கண்ணாடி மூடிக்குள்ளே, தம்பி மனைவியின் சேலைகளோடு கட்டிப் புரண்டு, அது குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது.

"பார்க்காம போட்டுட்டேன் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "அதைப் போய் ஏன் மெஷினுக்குள்ள வைக்கிறீங்க?"

"வேற எங்க வைக்கச் சொல்றே?"

புருஷன் போன கையோடு அந்த வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு என்று ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அக்கா. அந்தக் கொஞ்ச நாளில் தம்பி பிள்ளைகள் அவளைவிட உயரமாகிவிட்டார்கள். பை மட்டும் அலமாரிக்கு மேலேயே கிடந்தது. ஹாலில் டிவி அணைந்த பிறகுதான் அவளுக்குப் படுக்கை விரியும். யாராவது வந்து கதை அளந்துகொண்டிருந்தால், தான் உட்கார்ந்திருப்பது அவளுடைய தலைமாட்டில் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவள் விட்ட கொட்டாவியைத் தன்னைப் பற்றியது என்று எண்ணிக் கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரர்களும் உண்டு.

இத்தனைக்கும் தம்பி மெத்தைக் கடைக்காரன். அவனுக்குத் தலையணை உறை தைப்பதும் பஞ்சு அடைப்பதும் அக்காதான். வீட்டில் ஓர் அறை சும்மாவும் இருந்தது. சும்மா என்று சொல்லக்கூடாது. கடையில் அடங்காத மெத்தைகள் அங்கே சொகுசாகப் படுத்திருந்தன.

"அந்த ரூமை எனக்கு ஒழிச்சுக் குடுடா தம்பி. தலையணை வைக்க ஒரு இடம் வேணாமா?"

"மெத்தையை வெளிய போட முடியுமாக்கா? ஹால்ல உனக்குக் காத்து நல்லா வருதே!" தம்பி தலையைச் சொறிந்தான். "இப்ப அதுவா பெரிசு? நாளைக்கு விழா. வர்றேன்னவ காலை வாரிட்டா!"

தம்பி தெருச் சங்கத்தின் தலைவன். நடக்கவிருந்தது வீடில்லாப் பெண்களுக்கான விழிப்புணர்வு விழா. அப்படி ஒருத்திக்குத் தன் கடை மெத்தையை அவன் மேடையில் வழங்க வேண்டும். பேருந்து நிலையத்தில் படுப்பவள் ஒருத்தியைப் பேசி வைத்திருந்தார்கள். அவளோ, "நான் மேடைக்கு வந்தா என் இடத்தை எவளாவது பிடிச்சுக்குவா, போங்க," என்றுவிட்டாள்.

"நம்ம தெருவுல தேடினா ஒருத்திகூட இல்ல," என்றான் தம்பி, பெருமையும் கவலையுமாக. "நீ நடிச்சிடேன்க்கா. வாத்தியார் வசனம் எழுதிட்டாரு."

வேஷத்துக்குக் கிழித்துக்கொள்ளச் சொல்லித் தம்பி மனைவி ஒரு பழைய சேலை கொடுத்தாள். அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். தான் கட்டியிருந்ததைவிட நன்றாக இருந்தது.

"இதை நல்ல நாளுக்கு வச்சுக்கறேம்மா. வேஷத்துக்கு இருக்கறதே போதும்."

மறுநாள் மாலை தெருவே மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் அக்காவுக்கு வசனம் பறந்துபோயிற்று.

"அந்தோ! வானமே என் கூரை!" என்று திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் எடுத்துக்கொடுத்தார்.

"வானம் இல்லீங்க," என்றாள் அக்கா. "கூரை நல்ல கூரை. ஃபேன்கூட சுத்துது. தலையணைதான் வாஷிங் மெஷின்ல இருக்கும். நேத்து அதுவும் குளிச்சிருச்சு. இன்னும் காயல."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முந்திக்கொண்டு கைதட்டிய தம்பி, மெஷின் பேச்சு வந்ததும் தட்டிய கையை அப்படியே கோத்துக்கொண்டான்.

"சீரியல் முடியணும், நியூஸ் முடியணும், வந்தவங்க எந்திரிக்கணும். அப்புறம்தான் பாயை விரிக்கணும். அதோ, முன்னால இருக்காரே கண்ணாடிக்காரர், அவர் லேசுல எந்திரிக்க மாட்டாரு."

கண்ணாடிக்காரர் திரும்பித் தனக்குப் பின்னால் தேடினார்.

கடைசி வரிசையிலிருந்து எதிர்வீட்டு டாக்ஸிக்காரரின் அத்தை குரல் கொடுத்தாள். "உனக்காவது ஹாலு. எனக்கு மாடிப்படிக்குக் கீழ, செருப்புங்களோட."

சிரிப்பு தடுக்கி நின்றது. டாக்ஸிக்காரருக்கு இருமல் வந்தது. விழிப்புணர்வு என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அது நிஜமாகவே வந்து நின்றதும், யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"மெத்தையைக் குடுங்க, மெத்தையைக் குடுங்க!" என்று வாத்தியார் அலறினார். தம்பி ஓடிவந்து கொடுத்தான். படம் எடுத்தார்கள்.

"போதும்க்கா, கீழ வை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "கடைக்குத் திரும்பப் போகணும்."

"கடைக்கு எதுக்குடா? எனக்குன்னுதானே குடுத்தே? நம்ம வீட்டுலதான் மெத்தைக்குன்னே ரூம் இருக்கே," என்றாள் அக்கா, மைக்கிலேயே. சுருட்டிய மெத்தையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். செருப்புகளோடு படுப்பவள் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அக்கா என்னமா நடிக்கிறாங்க!" என்று கண்ணாடிக்காரர் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒவ்வொருவராகக் குலுக்கி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஹாலில் கால் வைக்க இடமில்லை.

"அக்கா! மெத்தையெல்லாம் ஹால்ல கிடக்கே!"

"கிடக்கட்டும்டா தம்பி," என்றது உள்ளிருந்து வந்த குரல். "அங்க காத்து நல்லா வரும்."