எட்டாவது எஞ்சின்

அப்பாவின் வெள்ளைச் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் மகள். ஆறே மாதத்தில் மனிதர் அவ்வளவு இளைத்திருந்தார். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு மணிக்கு அவரை எடுத்துப்போக வண்டி வரும், அதற்குள் உடுத்திவிட வேண்டும். அழுதுவிட்டால் நல்லது என்று அத்தை இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள். அழுகை வரவில்லை. தையல் மட்டும் நேராக வந்தது.

நீராவி எஞ்சின் படம் என்றால் அப்பாவுக்கு உயிர். ஆனால் நீராவி வண்டியில் ஏறிப் போனது வாழ்நாளில் இரண்டே முறை. முப்பத்தைந்து வருடம் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். டாக்டர்களின் கிறுக்கலையே படித்தவனுக்கு எஞ்சின் ஒரு விஷயமா என்பார். யாராவது எங்கிருந்தாவது இன்னதென்று தெரியாத எஞ்சினின் பழைய படத்தை அனுப்புவார்கள். சக்கரம் எத்தனை, புகைபோக்கி எப்படி, காற்றுப் பம்பு எந்தப் பக்கம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது இந்த வகை, இந்தப் பட்டறையில் செய்தது என்று பதில் எழுதுவார். அபூர்வமான எஞ்சின் என்று தெரிந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

மூன்று மாதமாக ஒரே படம்தான் மேஜைமேல். அந்த வகையில் இதுவரை தெரிந்தது ஏழே எஞ்சின்கள், ஏழிலும் பம்பு இடப்பக்கம். இதில் வலப்பக்கம் இருந்தது. எண் பலகையை நீராவி மறைத்திருந்தது. யாரும் அறியாத எட்டாவது எஞ்சின் என்று முந்தாநாள்தான் முடிவுகட்டினார். நேற்றுக் காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? பக்கத்தில் நின்ற ஓட்டுநரின் கோட்டுதான் தையல் பழகிய கண்ணில் பட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இந்தக் கோட்டு தப்பா இருக்கேப்பா. பொத்தான் போட்டா ஆம்பளைங்களுக்கு இடது பக்கம்தான் மேல வரும். இதுல வலது பக்கம் மேல வந்திருக்கு. படத்தைத் திருப்பி அச்சடிச்சுட்டாங்களோ?”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர்களை நாற்பது வருடத்தில் அவர் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. சக்கரத்தை மறைக்கிறார்கள் என்று திட்டியதோடு சரி. கடைசியில் ஆமா என்றார். நீ போய் உன் வேலையைப் பாரு என்றார். ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனபோது நாற்காலியிலேயே போயிருந்தார்.

தன் ஒரு வார்த்தையில் எல்லாம் இடிந்துபோய் அந்த மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தாரோ என்பதுதான் அவளை அரித்தது. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை.

சட்டையை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கடிகார மாமா நின்றிருந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவர். இந்த ஊரில் அப்பாவுக்கு வாய்த்த இன்னொரு எஞ்சின் பைத்தியம். முந்தாநாள் சாயங்காலம் அப்பா போனில் எட்டாவதைப் பற்றிச் சொல்லிச் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாராம். எஞ்சின் நண்பர்கள் எல்லோருக்கும் மாமாவே சொல்லிவிட்டாராம். அவர்களுடைய பத்திரிகையில் அப்பா பெயரோடு செய்தி வரப்போகிறது, படத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்றார்.

தலையாட்டிவிட்டால் முடிந்தது, அப்பா பெயர் நிற்கும். ஆனால் சீட்டில் ஒன்றிருக்க வேறொரு மாத்திரையை அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை.

“எட்டாவது இல்ல மாமா. படம் திரும்பியிருக்கு. நேத்து நான்தான் அப்பாகிட்ட சொன்னேன்.”

மாமா கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அவன் என்னம்மா சொன்னான்?”

“ஆமான்னாரு. அதோட போயிட்டாரு.”

அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. நேரே அப்பாவின் அறைக்குள் போனார். பிறகு உள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் போனாள்.

மூன்று மாதப் படத்தை உறையில் போட்டு, ‘எட்டாவது அல்ல, திருப்பிப் பார்த்தால் நான்காவது’ என்று மேலே எழுதி அப்பா ஓரமாக வைத்திருந்தார். மேஜை நடுவில் அவருடைய முதல் பெட்டி திறந்து கிடந்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால் பார்த்து முடித்த படங்கள்.

“ஒரு படம் திரும்பியிருந்தா, இதுவரைக்கும் பாத்த எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். அதான் எங்க வழக்கம்,” என்றார் மாமா. “பதினோரு படம் முடிச்சிருக்கான்.”

ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதியிருந்தது. ஓட்டுநர், கோட்டு, சரி. கரி அள்ளுபவர், சட்டையே இல்லை, சொல்வதற்கில்லை. இரண்டு பேர், ஒருவர் சிரிக்கிறார், சரி. சிரிப்பதையெல்லாம் பார்க்க அப்பாவுக்கு எப்படித் தோன்றியது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டாவது படம் தனியாக இருந்தது. எஞ்சினின் பெரிய சக்கரத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, பொத்தான் வைத்த ஸ்வெட்டர் போட்டு நின்றாள் அம்மா. கல்யாணமான புதிதில் எடுத்தது. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. படத்தைத் திருப்பினாள். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

‘இவள் பொத்தான் மாறியிருக்கிறது. திரும்பிய படமா? ஆனால் எடுத்தது நான்தானே. மகளைக் கேட்க வேண்டும்.’

மாமாவும் எட்டிப் படித்துவிட்டு, அவருக்கும் விடை தெரியாததுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

“பொம்பளைங்களுக்கு அப்படித்தான் மாமா. வலது பக்கம்தான் மேல வரும்.”

வாசலில் வண்டி வந்து நின்றது. அத்தை அவளைத் தேடுவது கேட்டது. அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, அவர் கேள்விக்குக் கீழே ‘பெண்களுக்கு அப்படித்தான். படம் சரி’ என்று எழுதினாள். பிறகு பெட்டிக்குள் கைவிட்டு அடுத்த படத்தை எடுத்தாள்.