மூன்றாவது கேஸ்கெட்

அந்தப் பழைய ராஜ்தூத் பைக் மினி வேனில் படுத்துக்கொண்டு இரண்டாவது முறையாக வளவனிடம் திரும்பி வந்தது. காலையில்தான் டெலிவரி கொடுத்திருந்தான். மதியச் சோறு இறங்குவதற்குள் வந்துவிட்டது. வேங்கிக்காலில் பழைய வண்டிகளுக்கென்றே பட்டறை போட்டிருப்பவன் அவன். ‘வளவன் கை வச்சா ஓடும்’ என்ற பேரை வைத்துத்தான் பிழைப்பு.

வண்டிக்காரர் கோதண்டராமனுக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தொலைத்திருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து, வளவன் வேலை ஒருநாள்கூடத் தாங்கவில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். வருத்தத்தோடு சொன்னால் ஊர் உடனே நம்பிவிடும். வேலைக்கு வண்டி விடுவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேர் அந்த வாரம் போனையே எடுக்கவில்லை.

இன்ஜின் ஹெட்டைக் கழற்றினால் பழைய கதைதான். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகடு கருகி ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. போன தடவைதான் தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்து போர் போட்டு, உள்சுவரை அகலமாகக் கடைந்து, பெரிய சைஸ் பிஸ்டன் மாட்டியிருந்தான். இப்போது மறுபடியும் சுவரெல்லாம் கீறல். இன்னும் ஒரே ஒரு தடவை கடையலாம், அதற்குமேல் இரும்பு கிடையாது. வேறு சிலிண்டருக்கு அவன் அலையாத ஊரில்லை.

அவனுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஹெட்டைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்து மட்டம் பார்த்தான். லேத்துக்காரனோடு சண்டை போட்டு, கடைசித் தடவையாகச் சிலிண்டரைக் கடைய வைத்தான். போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்கினான். மூன்றாவது கேஸ்கெட்டும் உட்கார்ந்தது. புது பிஸ்டன் என்பதால் விரட்டாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகச் சொல்லி வண்டியைக் கொடுத்தான். கோதண்டராமன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பாமல் வளவன் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனான்.

ராஜ்தூத் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் திரும்பவில்லை. கோயில் ராஜகோபுரத்துக்கு முன்னால் போய் நின்றது. அங்கே அவர் சம்சாரம் சரோஜா வெறுங்காலோடு, கையில் சூடப் பையோடு காத்திருந்தார். அந்தம்மா கிரிவலமாக மலையைச் சுற்றி நடக்க ஆரம்பிக்க, கோதண்டராமன் முதல் கியரிலேயே, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி, பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனார். சுற்றுப்பாதையின் எட்டு லிங்கங்களில் முதலாவதான இந்திர லிங்கத்தில் அந்தம்மா உள்ளே போய் வரும்வரை வண்டி வெளியே ஓடிக்கொண்டே நின்றது. நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயம். அக்னி லிங்கம் வருவதற்குள் இன்ஜின் சத்தம் மாறி, தீய்ந்த வாடை அடித்தது.

வளவன் குறுக்கே புகுந்து சாவியைத் திருப்பி அணைத்தான்.

“நீங்கதானே மெதுவா ஓட்டச் சொன்னீங்க?” என்றார் சரோஜா.

இந்த இன்ஜினுக்குக் காற்றுப் பட்டால்தான் சூடு தணியும், நடக்கிற வேகத்தில் காற்று எங்கிருந்து வரும் என்று அவன் பொறுமையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விளக்கினான். அந்தம்மா கேட்டுக்கொண்டார். ஆனால் வேண்டுதல் இருந்தது. கொட்டகையில் கிடந்த வண்டி கிளம்பிவிட்டால், அதையும் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றி நடந்து வருவதாக வேண்டியிருந்தார்.

“ரெண்டு வாட்டி பாதியில நின்னுபோச்சுங்க. இப்பவும் விட்டுட்டா, மறுபடியும் முதல்லேர்ந்துதான்.”

வளவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வண்டி சரியானால் சுற்றுவார்கள், சுற்றினால் எரியும், எரிந்தால் தன்னிடம் வரும். கிக்கரை மெல்ல அமுக்கிப் பார்த்தான். உள்ளே இறுகிப் போகாமல் இறங்கியது. சிலிண்டர் இன்னும் பிழைத்திருந்தது.

“வண்டி சுத்தணும்னுதானே வேண்டுதல்? இன்ஜின் ஓடணும்னு இல்லயே?”

சரோஜா யோசித்து, இல்லை என்றார். கோதண்டராமன் தன் முட்டியைத் தடவிக்கொண்டே மலையைப் பார்த்தார். பதினாலு கிலோமீட்டர் சுற்றில் மிச்சம் முழுவதும் யார் தலையில் விழுந்தது என்று வளவனுக்குப் புரிந்துவிட்டது.

ஸ்கூட்டரை ஓரம்கட்டிவிட்டு ராஜ்தூத்தைத் தள்ளினான். செங்கம் ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடை வாசலில் தெரிந்த முகங்களாகவே நின்றன. ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். பட்டறைக்கு அடிக்கடி வந்துபோகிற பாலாஜி ரோட்டைக் கடந்தே வந்துவிட்டான்.

“என்ன வளவா, மறுபடியும் போச்சா?”

இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வளவன் வாயெடுத்தான். தான் வேலை பார்த்த வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போகிறவன் அதைச் சொன்னால் எவன் நம்புவான்? ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துத் தள்ளினான். மூன்றாவதான யம லிங்கமே இன்னும் வரவில்லை.