கடைசியாக வைத்த சத்தம்

மேளக்காரர்களை இன்னும் உரக்க அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் கோதண்டம். சொல்லிவிட்டு வந்து, ஐஸ் பெட்டியின் மேல் கிடந்த மாலைகளைத் தம்பி பகலவனின் தலையில் போட்டிருந்த கட்டு தெரியாதபடி நகர்த்தி வைத்தார். அவன் மனைவி மதிவதனி தலைமாட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் ஷிப்ட் முடிந்து, ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவனைப் பின்னால் வந்த கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தானாம். பகலவன் திரும்பவே இல்லையாம். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போயிருப்பான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ரோட்டில் நடந்துகொண்டு அவன் பாட்டுக் கேட்டதே இல்லை. அவனுக்குப் பாட்டு என்றால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அருள்பாண்டி வருவான். தூத்துக்குடிக்காரன், அவனுக்கும் அதே பைத்தியம். பகலவனின் மண்ணூர் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், உள்ளங்கை அளவு மியூசிக் பிளேயர்கள் இரண்டை வைத்துக்கொண்டு ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்பார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொள்வான். மற்றவன் எது ஓடுகிறது என்று சொல்லாமல் ஒயரைப் பிடுங்கிச் செருகுவான். எதில் வயலின் பிசிறில்லாமல் வருகிறது, எதில் பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்று சாயங்காலம் வரை வழக்கு நடக்கும்.

போன வருஷத்திலிருந்து அந்த வழக்கு சண்டையாகிவிட்டது. எந்தப் பிளேயரிலும் பாட்டில் வரும் சலங்கைச் சத்தம் வரவில்லை என்றான் பகலவன். சுத்தமாக வருகிறது என்றான் அருள்பாண்டி. பிளேயருக்குப் பலம் போதவில்லை என்று பகலவன் தனியாக ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் வாங்கினான். அது பிடிக்காமல் அதைவிடப் பெரியது ஒன்று வாங்கினான். அதிலும் வரவில்லை. அவள் காதில் மாட்டிவிட்டு, உனக்காவது கேட்கிறதா என்பான். நல்லாத்தானே கீது என்பாள் அவள். உனக்கு ஞானம் இல்லை என்று சிரிப்பான்.

பந்தலில், யூனிபார்மோடு வந்திருந்த லைன் ஆட்கள் அந்த டிரைவரைச் சும்மா விடக்கூடாது என்று கொதித்துக்கொண்டிருந்தார்கள். காதைப் பிளக்கும் சத்தத்தோடு தகட்டைக் கார்க் கதவாக அடிக்கும் பிரஸ்ஸில் வேலை செய்பவர்கள். பகலவனுக்கும் அவர்களுக்கும் கோதண்டம்தான் சூப்பர்வைசர். அவர்களை அடக்குவதற்காகச் சொன்னார்.

"டிரைவர இன்னா பண்ணச் சொல்றீங்க? எந் தம்பிக்குக் காது போயி ஒரு வருஷமாச்சு. கம்பெனில எல்லாருக்கும் காது டெஸ்ட் எடுத்த டாக்டரே எங்கிட்ட சொன்னாரு, பிரஸ்ஸ வுட்டு மாத்துங்கன்னு. பழகின ஆள மாத்தினா லைன் நின்னுடும். அவங்கிட்ட நார்மல்னு சொல்லி வச்சிருந்தேன்."

டீ வந்ததால் மேளம் நின்றிருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவர் அதைக் கவனித்தார்.

மதிவதனி எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறந்து பிளேயர், ஆம்ப்ளிஃபையர், பெரிய ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் எடுத்து வந்து, பந்தலில் நின்ற அருள்பாண்டியிடம் கொடுத்து, கோர்த்துத் தரச் சொன்னாள். அவன் ஒயர்களைச் செருகினான். சத்தத் திருகை ஒருமுறை பார்த்தான். அது கடைசி வரைக்கும் திருகியிருந்தது.

"இம்புட்டு சத்தத்துலயா மைனி கேட்டான்?"

"கொறைக்காதீங்க. அவரு வெச்சபடியே இருக்கட்டும்."

கோதண்டத்தின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "ஒங்க தம்பி கடைசியா கேட்ட பாட்டு மாமா."

அத்தனை பேர் பார்க்கும்போது மறுக்க முடியாமல் அவர் தலையைக் குனிந்தார். மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டாள். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. கழற்றப் போன கைகளுக்கு முந்தி அவள் இரண்டு உள்ளங்கைகளையும் காதுகளின் மேல் வைத்து அழுத்தினாள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வந்தது. தள்ளி நின்றவர்களுக்குக்கூடச் சலங்கை கேட்டது. அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியபோதுதான் விட்டாள்.

"இதுலயும் சலங்க வரலன்னு சொன்னாரு மாமா. மிஷின்ல கோளாறுன்னு நெனச்சிகினு இருந்தாரு. காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, திரும்பிப் பாத்து நடந்திருப்பாரு."

குரலை உயர்த்தாமல் அடுத்ததையும் சொன்னாள்.

"கொள்ளி நீங்க வைக்கக் கூடாது. சுடுகாட்டுக்கும் வர வேணாம்."

பெரியவர்கள் இரண்டு பேர் சமாதானம் பேச வந்தார்கள். அதற்குள், பிரஸ்ஸில் பகலவனுக்கு எதிரே நின்று வேலை செய்த ஜோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சார், எனக்கு டெஸ்ட்ல இன்னா வந்துச்சு?"

கோதண்டம் காதைப் பொத்தியபடி தரையைப் பார்த்தார். ஜோதி திரும்பவும் கேட்டான். பின்னாலிருந்து இன்னொருவன், "எனக்கு?" என்றான். மதிவதனிக்கு அழுகை வரவில்லை. எதையும் தவறவிடக் கூடாது என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோதண்டத்துக்குப் பதிலாக, பங்காளி முறையில் திருமலை என்பவன் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். பெட்டியிலிருந்து எடுத்துப் பாடையில் கிடத்தினார்கள். ஊர்வலம் திருப்பம் தாண்டி, மேளச் சத்தமும் தேய்ந்து போயிற்று. ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பந்தலுக்கடியில் கோதண்டம் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார்.

பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். மதிவதனி ஒரு குடத்தை வாங்கி வாசலில் கவிழ்த்தாள். உதிர்ந்த சாமந்திகளை இழுத்துக்கொண்டு தண்ணீர் பந்தலுக்குள் ஓடி, அவருடைய கால்களைச் சுற்றிக்கொண்டது. அவர் காலைத் தூக்கவில்லை.

அவள் அடுத்த குடத்துக்குக் கை நீட்டினாள்.